நடுவில் ஓர் உயிர்

லோஸ்டாஃப்டில் ஜனவரி மழை.
லாண்டரெட்டின் மூன்றாம் இயந்திரத்தில் என் போர்வைகள்,
நான்காவதில் கிளைவின் கம்பளிச் சட்டைகள்.
பிரிந்து பதினான்கு மாதம் ஆகிறது.
எல்லாவற்றையும் பிரித்தார்கள்,
சனிக்கிழமையை மட்டும் பிரிக்க மறந்துவிட்டார்கள்.

குறுக்கெழுத்தை முழங்காலில் விரித்தேன்.
'கட்டு. பழைய வழக்கு. நான்கு எழுத்து.'
பி வந்துவிட்டது. என், டி வந்துவிட்டன.
மூன்று மெய்கள் குளிரில் நிற்கின்றன,
நடுவே உயிர் நுழைய ஒரு வெள்ளைக் கட்டம்.

ஏ போட்டால் பேண்ட்:
வின்ச்சில் அவன் கை கிழிந்த அன்று
என் தலைத்துணியால் போட்ட சுற்று.
ஐ போட்டால் பைண்ட்:
வழக்கறிஞர் மிஸ் கேட்ச்போல்
பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து கேட்டபடி
மூக்கால் உச்சரித்த சொல்.
ஓ போட்டால் பாண்ட்:
வங்கியிலும் விற்கிறார்கள், பசைக் கடையிலும் விற்கிறார்கள்.
இரண்டையும் வாங்கிப் பார்த்தோம்.

கைபேசியில் அகராதியைத் திறந்தேன்.
ஹஸ்பண்ட் என்ற சொல்லின் வாலில்
தொங்குவதும் ஒரு கட்டுதான் என்று
இருபத்தாறு வருடம் நம்பியிருந்தேன்.
இல்லையாம்.
வடகடல் தாண்டி வந்தவர்களின் சொல் அது.
வீடு; அதில் குடியிருப்பவன். அவ்வளவே.
குடியிருப்பவன் இப்போது ஓல்ட்டன் பிராடில்
இருபத்தேழு அடிப் படகில் குடியிருக்கிறான்,
கழிவறைக்குக் கதவில்லை என்று கேள்வி.

'சதுப்பில் நிற்கும் கறுப்பு வெள்ளைப் பறவை, ஆறு எழுத்து'
என்று வாய்விட்டுப் படித்திருக்கிறேன் போல.
பிஸ்கட்டிலிருந்து தலை நிமிராமல்
'அவோசெட்' என்றான் கிளைவ்.
மூக்கு மேல்நோக்கி வளைந்த பறவை.
அதன் ஐந்தாம் எழுத்து
என் வெள்ளைக் கட்டத்தில் வந்து இறங்கியது.
பெண்ட்.

'அது வளைதல். கட்டுதல் இல்லை' என்றேன்.
'படகில் நாங்கள் பாயை வடத்தோடு பெண்ட் செய்கிறோம்.
தடித்த கயிறும் மெல்லிய கயிறும் சேரும் முடிச்சுக்கு
ஷீட் பெண்ட் என்று பெயர்.
உனக்கு நானே காட்டியிருக்கிறேன், எட்வினா.'
காட்டியிருக்கிறான்தான்.
அப்போது நான் சாண்ட்விச்சுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

அகராதியும் அவன் பக்கம்.
ஆயிரம் வருடத்துக்கு முன்
கைதியின் காலில் கிடந்த விலங்குக்கும் அந்தப் பெயர்,
கூந்தலைச் சுற்றிய பட்டைக்கும் அந்தப் பெயர்.
பிறகு யாரோ வில்லைக் கையில் எடுத்தார்கள்.
ஒரு முனையில் நாணைக் கட்டி
மறு முனைக்கு இழுத்தார்கள்.
இழுத்துக் கட்டியதற்குத்தான் அந்தச் சொல்.
மரம் குனிந்தது.
பார்த்தவர்கள் கயிற்றை மறந்துவிட்டு
குனிந்ததை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்,
சொல்லையும் கூடவே.

எங்கள் தெருவிலும் அப்படித்தான்.
எட்வினா ஏன் இப்படிக் கூனிவிட்டாள் என்றார்கள்.
நாண் யார் ஏற்றியது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான்காம் இயந்திரம் நின்றது.
கிளைவ் கூடை மேல் குனிந்தான்.
ஈரச் சட்டைக்குள் முதுகெலும்பு
ஒவ்வொரு மணியாகத் தெரிந்தது.
எத்தனையோ இரவு அந்த முதுகின் பின்னால் படுத்திருக்கிறேன்,
அது கோபம் என்றே நினைத்தேன்.
வளைவு என்று தோன்றவில்லை.
வளைவென்றால் இரண்டு முனை இருக்கும்,
ஒன்றில் என் முடிச்சு.

வில்லாளிகள் மாலையானால்
நாணைக் கழற்றி வைப்பார்களாம்.
கழற்றாவிட்டால் மரம்
அந்த வளைவையே தன் உருவம் என்று நம்பிவிடும்.
நிமிர எங்களுக்கு எத்தனை நாள் ஆகும் என்று
அகராதியில் இல்லை.

பேனாவால் அழுத்தி எழுதினேன்.
பத்தொன்பது இன்னும் காலி.

'உலர்த்திக்கு ஐம்பது பென்ஸ் குறைகிறது.'
கொடுத்தேன்.
'அடுத்த சனிக்கிழமை தருகிறேன்' என்றான்.
வேண்டாம் என்று சொல்ல
நாக்கு நுனி வரை வந்தது.
சொல்லவில்லை.